உரமல்ல, உறைமோர்! விதைக்குப் பூசும் நுண்ணுயிர்கள் பற்றி ஒரு கலந்துரையாடல்



எங்கள் கலந்துரையாடல் நிகழ்ச்சியில், சில வேளைகளில் நேரம் முடிந்து விளக்குகளை அணைத்த பிறகுதான் நல்ல கேள்வி வந்து சேரும். விவசாயம் குறித்து நாங்கள் நடத்திய அங்கத்திலும் அப்படித்தான் நடந்தது. நன்றி கூறி முடித்துவிட்டோம். ஆனால் பேராக்கைச் சேர்ந்த ஒரு நேயர் தொலைபேசியை வைக்காமல் காத்திருந்தார்.

"தங்கச்சி, ஒரே ஒரு கேள்வி. இந்த உயிர் உரம்னு விக்கிறாங்களே, அது மெய்யா, ஏமாத்தா?"

அவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டம் கைமாறி வீடுகள் எழும்பிய பிறகு, மூன்று ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயற்றங்காய், மிளகாய், சோளம், சவிக் கீரை ஆகியவற்றைப் பயிரிட்டு வருகிறார். 2022-ஆம் ஆண்டில் உர விலை மளமளவென்று ஏறியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த நேரத்தில் ஒரு விற்பனையாளர் அவரிடம் வந்து, "இந்தப் போத்தலில் நுண்ணுயிர் இருக்கிறது. விதையில் பூசிவிட்டால் போதும், யூரியா மூட்டையே வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். இவரும் நம்பி வாங்கிவிட்டார். எல்லா விதைக்கும் பூசினார். உரம் போடுவதை அடியோடு நிறுத்தினார்.

சவிக் கீரை மஞ்சளாகிப் போனது. மிளகாயும் சோளமும் பாதி விளைச்சல்கூடத் தரவில்லை. ஆனால் பயற்றங்காய் மட்டும் பச்சைப்பசேலென்று காய்த்துக் குலுங்கியது.

"ஏமாத்துன்னு சொல்லலாம்னா பயற்றங்காய் நல்லா வந்திருக்கு. மெய்யின்னு சொல்லலாம்னா மத்ததெல்லாம் போச்சு. எதைம்மா நம்புறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்தது மக்கள் தொடர்பியல், மண்ணியல் அல்ல. அதனால் மறுவாரமே இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டோம். ஓய்வு பெற்ற விவசாய அதிகாரி ஒருவர், தோட்டத்தில் பல ஆண்டுகள் வெளிக்காட்டு வேலை பார்த்த பெரியவர் ஒருவர், வீட்டுக் கொல்லையில் காய்கறி வளர்க்கும் இல்லத்தரசி ஒருவர் என மூவர் வந்து அமர்ந்தார்கள். அங்கே பேசியதன் சாரத்தை, திரையில் சொல்ல நேரம் போதாத விவரங்களுடன் இங்கே தருகிறேன்.

காற்றில் இருக்கிறது, கைக்கு எட்டவில்லை

செடி பச்சையாக வளர நைட்ரஜன் வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் செடியால் அதைத் தொடக்கூட முடியாது. காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்து கிடக்கின்றன. அந்தப் பிணைப்பை அறுக்க யூரியா தொழிற்சாலைகளுக்கு 400 பாகைக்கும் கூடுதலான வெப்பமும் பெரும் அழுத்தமும் தேவைப்படுகின்றன. அதனால்தான் எரிவாயு விலை ஏறினால் உர விலையும் ஏறுகிறது.

அதே வேலையை, கண்ணுக்குத் தெரியாத ஒரு பாக்டீரியா சாதாரண மண் சூட்டிலேயே செய்கிறது. அதன் பெயர் ரைசோபியம். பயறு, அவரை, கடலை ஆகியவை சேர்ந்த அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேருக்குள் இது புகுந்து குடியேறும். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் உருவாகும். செடி தன் சர்க்கரையைப் பாக்டீரியாவுக்குக் கொடுக்கும். பாக்டீரியா காற்று நைட்ரஜனைச் செடிக்கு ஏற்றதாக மாற்றிக் கொடுக்கும்.

ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் இந்தக் கூட்டணியை 1880-களில் நிரூபித்தார்கள். 1888-ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் பேயரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். 1890-களிலேயே ஜெர்மனியில் 'நிட்ராஜின்' என்ற பெயரில் அதை விதைக்குப் பூசுவதற்காக விற்கத் தொடங்கிவிட்டார்கள். ஆக, இது நேற்று முளைத்த சங்கதி அல்ல. நூறு ஆண்டுகளுக்கும் மேல் பழைமையானது.

தோட்டத்துக் கறுப்புப் பொடி

அதிகாரி ஐயா இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, தோட்டத்துப் பெரியவர் குறுக்கிட்டார்.

"அட, இது நாங்க செஞ்ச வேலைதானே! பால்மரக் கன்னு நடுற புதுக்காட்டுல, மண்ணு மூடுறதுக்குக் கொடி வெதை போடுவோம். வெதைய மொதல்ல வெந்நீர்ல ஊற வைக்கணும். தண்ணிய வடிச்சு ஆறவச்சப்புறம் கறுப்பா மண்ணு மாதிரி ஒரு பொடி குடுப்பாங்க. அதைப் பெரட்டி, கூடவே கல்லு உரத் தூளையும் கலந்து போடுவோம். அது என்னா ஏதுன்னு யாரும் எங்களுக்குச் சொன்னதில்ல. நாங்க 'மருந்து'ம்போம்."

அந்தக் கறுப்புப் பொடிதான் ரைசோபியம். கம்பூட் மண் என்று நாம் அறிந்த சதுப்பு நிலக் கருமண்ணில் பாக்டீரியாவைக் கலந்து வைப்பது வழக்கம். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் மூடுபயிர் விதைகளுக்காக இதைத் தயாரித்துத் தோட்டங்களுக்கு வழங்கி வந்தது. பெரியவர் சொன்ன கல்லு உரம், கிறிஸ்மஸ் தீவிலிருந்து வந்த பாறைப் பாஸ்பேட். பியூராரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா என்று அறிவியல் பெயரில் சொல்லப்படும் அந்தக் கொடிகள் அனைத்தும் அவரைக் குடும்பம்தான்.

அவை எவ்வளவு நைட்ரஜனைச் சேர்த்தன? மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களான பி. அகமுத்துவும் டபிள்யூ. ஜே. பிராட்டனும் செம்பனைத் தோட்டத்து மூடுபயிர்களை ஆராய்ந்து 1985-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், ஒரு ஹெக்டருக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 150 கிலோ என்று கணக்கிட்டார்கள். யூரியாவில் நைட்ரஜன் 46 விழுக்காடு. அப்படியானால் 150 கிலோ நைட்ரஜன் என்பது 50 கிலோ யூரியா மூட்டை ஆறரைக்குச் சமம்.

நம் தாத்தா பாட்டிகள் விதையைப் பிரட்டி வீசிய அந்தக் கைப்பிடி மண்ணுக்குள் இத்தனை சங்கதி இருந்திருக்கிறது. பெரியவர் அதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இவ்வளவு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான்மா தெரியுது" என்றார்.

எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி இல்லை

இப்போது பேராக் நேயரின் நான்கு பயிர்களுக்கு வருவோம். அவருடைய சிக்கலுக்கான விடை அந்த நான்கிலேயே இருக்கிறது.

முதலில் பயற்றங்காய். இது அவரைக் குடும்பம். ரைசோபியம் வகைப் பாக்டீரியா இதன் வேரில் முடிச்சுப் போடும். யூரியா இல்லாமலே இது செழித்ததில் வியப்பில்லை. சொல்லப்போனால், யூரியாவை நிறுத்தியதே அதற்கு நன்மையாக இருந்திருக்கும். மண்ணில் நைட்ரஜன் உரம் மிகுந்திருந்தால், செடி பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்துச் செலவு செய்யாது. முடிச்சுகள் குறைந்துவிடும். வீட்டில் சோறு இருக்கும்போது யார் கடைக்குப் போய்ச் சாப்பிடுவார்கள்?

இரண்டாவது சோளம். ரைசோபியம் இதன் வேரில் முடிச்சுப் போடாது. புல் இனங்களுக்கு வேறொரு துணை உண்டு. அதன் பெயர் அசோஸ்பைரில்லம். 1970-களில் பிரேசிலில் யோகன்னா டோபரைனர் என்ற பெண் விஞ்ஞானி இதன் பயனை உலகுக்கு எடுத்துக் காட்டினார். தமிழகத்தில் நெல் விவசாயிகள் நாற்றின் வேரை இந்தக் கரைசலில் நனைத்து நடுவது உண்டு. ஆனால் இது முடிச்சுக்குள் உட்கார்ந்து வேலை செய்வதில்லை. வேரோரத்தில் வாழ்ந்து, வேர் கிளைத்து வளரத் தூண்டுகிறது. கொஞ்சம் நைட்ரஜனும் தருகிறது. உரத்தில் ஒரு பகுதியைக் குறைக்க உதவலாம். முழுவதையும் நிறுத்தச் சொல்வது நியாயமில்லை.

மூன்றாவது மிளகாய். இதற்குக் கைகொடுப்பது பூஞ்சணம். மைக்கோரைசா என்பார்கள்; வேர்ப்பூஞ்சணம் என்று நாம் சொல்லலாம். இது வேருக்குள் நுழைந்து, மெல்லிய இழைகளை மண்ணில் நீளமாக அனுப்பும். வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸ் சத்தை இழுத்து வந்து செடிக்குக் கொடுக்கும். நம் நாட்டுச் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்வதால், இந்த உதவிக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. ஆனால் கவனியுங்கள்: வேர்ப்பூஞ்சணத்துக்குக் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கத் தெரியாது. அதை நம்பி யூரியாவை நிறுத்தினால் மிளகாய் பட்டினிதான் கிடக்கும்.

நான்காவது சவிக் கீரை. இங்கேதான் பலர் காசைக் கரைக்கிறார்கள். சவி, முட்டைக்கோசு, முள்ளங்கி எல்லாம் கடுகுக் குடும்பம். நிலத்தில் வளரும் தாவரங்களில் மிகப் பெரும்பான்மையானவை வேர்ப்பூஞ்சணத்தோடு உறவு வைத்திருக்கின்றன. ஆனால் இந்தக் குடும்பம் அந்த உறவை வைத்துக்கொள்வதில்லை. முளைக்கீரை வகையும் பெரும்பாலும் அப்படித்தான். ரைசோபியமும் இதற்குப் பொருந்தாது. இலைக்காகவே வளர்க்கும் பயிர் என்பதால் நைட்ரஜன் தேவையோ அதிகம். உரத்தை நிறுத்தியதும் அது மஞ்சளானது இதனால்தான்.

"அப்படின்னா நான் சவிக் கீரைக்கு வாங்கின மைக்கோரைசா?" என்று நம் இல்லத்தரசி அக்கா கேட்டார்.

"அதை எடுத்து வெண்டைக்காய்க்கோ கத்திரிக்கோ போடுங்கம்மா. பையில் நடும்போது வேருக்கு நேர் கீழே ஒரு சிட்டிகை. அங்கேதான் அது வேலை செய்யும்" என்றார் அதிகாரி ஐயா.

செத்த உறைமோரில் தயிர் தோயாது

அடுத்து, போத்தலைப் பற்றிப் பேசினோம். பேராக் நேயரிடம் அதை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டபோது, "கொட்டகையிலதான், சிங்க் கூரைக்குக் கீழ" என்றார். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டோம். "நல்ல நுண்ணுயிர்னு போட்டிருக்கு. ஒரு எல படம் இருக்கு. வேற ஒண்ணுமில்ல" என்றார்.

அதிகாரி ஐயா அப்போது சொன்ன உவமை இன்றும் என் நினைவில் இருக்கிறது. "நாம் இதை உரம் என்று சொல்வதே தவறு. யூரியா உப்பு மாதிரி. பத்து வருடம் ஆனாலும் உப்பு உப்புதான். இதுவோ உறைமோர். உயிரோடு இருந்தால் ஒரு கரண்டி போதும், குடம் பாலும் தயிராகும். செத்துப்போனால் ஒரு குடம் ஊற்றினாலும் பால் பாலாகவே கெட்டுப்போகும்."

வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால், கொட்டகைக் கூரைக்குக் கீழே சூட்டில் கிடந்தால், இந்த உயிர்கள் மடிந்துவிடும். பொடியாக விற்கும் வகைகளுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம்தான் ஆயுள். அதனால் வாங்கும்போது இந்த நான்கையும் பார்க்க வேண்டும்:

ஒன்று, உள்ளே இருக்கும் உயிரின் பெயர். 'நல்ல நுண்ணுயிர்' என்பது பெயரல்ல.

இரண்டு, எந்தப் பயிருக்கு என்ற குறிப்பு. ரைசோபியத்திலேயே பல வகை உண்டு. சோயாவுக்கு உரியது வேறு, பயற்றங்காய்க்கு உரியது வேறு.

மூன்று, எண்ணிக்கை. இந்தியாவில் 2006-ஆம் ஆண்டு முதல் உயிர் உரங்களும் அரசாங்கத்தின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தன. அதன்படி ரைசோபியம் போன்ற பாக்டீரியாப் பொடியில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி, அதாவது 50 மில்லியன் உயிருள்ள அணுக்கள் இருக்க வேண்டும். திரவமாக இருந்தால் ஒரு மில்லிலிட்டருக்கு 10 கோடி. நம் கையிலுள்ள பொட்டலத்தை அளந்து பார்க்க இது நல்ல அளவுகோல்.

நான்கு, தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும்.

இந்த நான்கும் இல்லாத போத்தல் நல்லதாகவும் இருக்கலாம், வெறும் தண்ணீராகவும் இருக்கலாம். நமக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை. தெரிந்துகொள்ள வழியில்லாத பொருளுக்கு ரிங்கிட்டைக் கொடுப்பானேன்?

விதையில் பூசும் முறை

தமிழகத்தில் வேளாண் துறையினர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் முறை எளிமையானது. நம் வீட்டிலேயே செய்யலாம். வடித்த அரிசிக் கஞ்சியை நன்றாக ஆறவிட வேண்டும். சூடான கஞ்சி உயிரைக் கொன்றுவிடும். ஆறிய கஞ்சியில் பொடியைக் குழைத்து, விதை மேல் சீராகப் படியும்படி பிரட்ட வேண்டும். பொதுவாக 10 கிலோ விதைக்கு 200 கிராம் பொட்டலம் ஒன்று போதும். ஒரு கிலோ விதை என்றால் 20 கிராம். கஞ்சியின் பசையில் பொடி விதையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். வெயிலில் காயவைக்கக் கூடாது.

கடையில் வாங்கும் விதை சில வேளைகளில் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசியதுபோல் இருக்கும். அது பூஞ்சண மருந்து பூசிய விதை. அதன் மேல் இந்த உயிர்களைப் பூசினால் பெரும்பாலும் வீணாகிவிடும். அப்படிப்பட்ட விதைக்கு, பொடியை மக்கிய உரத்தோடு கலந்து நடவுக் குழியில் இடுவது நல்லது.

இன்னொன்று, மண்ணின் புளிப்பு. புளிப்பு மிகுந்த மண்ணில் ரைசோபியம் தாக்குப்பிடிக்காது. தோட்டங்களில் ஜி.எம்.எல். என்று சொல்லப்படும் மக்னீசியச் சுண்ணாம்புத் தூளை முன்கூட்டியே இட்டு மண்ணைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

எப்போது வாங்க வேண்டும், எப்போது வேண்டாம்?

நிகழ்ச்சியில் நான் கேட்ட கடைசிக் கேள்வி இதுதான். பதிலுக்கு ஐயா பிரேசிலுக்குப் போனார்.

சோயா அவரை ஆசியாவில் பிறந்த பயிர். பிரேசில் மண்ணுக்கு அது புதிது. அதற்கேற்ற பாக்டீரியா அந்த மண்ணில் இல்லை. எனவே ஆய்வாளர்கள் பொருத்தமான வகைகளைத் தேர்ந்தெடுத்து, விதையில் பூசும் பழக்கத்தை நாடு முழுவதும் பரப்பினார்கள். இன்று அங்கே 4 கோடி ஹெக்டருக்கும் மேல் சோயா விளைகிறது. அதற்கு நைட்ரஜன் உரமே ஏறக்குறைய இடுவதில்லை. இந்தத் துறையில் பல்லாண்டுகள் உழைத்த பிரேசில் விஞ்ஞானி மரியாஞ்செலா ஹங்கிரியாவுக்கு 2025-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

புதிய பயிரைப் புதிய மண்ணில் விதைக்கும்போது, அதற்குரிய துணையையும் கூடவே அனுப்புவது மிகுந்த பலன் தரும். ஆனால் பயற்றங்காய்க்கு ஏற்ற பாக்டீரியா நம் வட்டார மண்ணில் பரவலாகவே இருப்பது. ஏற்கெனவே பயறு விளைந்த மண்ணில் அது குடியிருந்தால், புதிதாக வாங்கிப் பூசுவதால் பெரிய வேறுபாடு தெரியாமல் போகலாம்.

"அதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை" என்றார் ஐயா. "விதைத்து ஐந்தாறு வாரம் கழித்து ஒரு செடியைத் தோண்டி எடுங்கள். பிடுங்கக் கூடாது, முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வேரைக் கழுவி, ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நம் இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருள்தான் அந்த நிறத்தைத் தருகிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை."

மூன்று மாதம் கழித்து

பேராக் நேயருக்கு ஐயா ஒரு சின்ன வேலை கொடுத்தார். அடுத்த நடவில் பயற்றங்காயில் இரண்டு நிரை விடுங்கள். ஒன்றுக்கு விவரம் அச்சிட்ட நல்ல பொட்டலத்தை வாங்கிப் பூசுங்கள். மற்றொன்றுக்கு ஒன்றும் பூச வேண்டாம். இரண்டுக்கும் யூரியா வேண்டாம். பிறகு தோண்டிப் பாருங்கள்.

மூன்று மாதம் கழித்து அவர் மறுபடியும் அழைத்தார்.

"தங்கச்சி, ரெண்டு நெரையிலயும் முடிச்சு இருக்கு. ரெண்டுமே உள்ள செவப்பு. காயும் ஒரே மாதிரிதான் காய்ச்சிருக்கு."

அதாவது, முதல் முறை பயற்றங்காயைக் காப்பாற்றியது அந்தப் போத்தல் என்று சொல்வதற்கில்லை. அவர் நிலத்து மண்ணிலேயே அந்தத் துணை இருந்திருக்கிறது. யூரியா கொட்டிக்கொண்டிருந்த காலமெல்லாம் அவருக்கு அது தெரியவில்லை.

இப்போது அவர் பயற்றங்காய்க்குப் போத்தலும் வாங்குவதில்லை, யூரியாவும் போடுவதில்லை. அங்கே மிச்சமாகும் உரத்தைச் சவிக் கீரைக்கும் சோளத்துக்கும் போடுகிறார். மிளகாய் நாற்றுக்கு மட்டும் வேர்ப்பூஞ்சணப் பொடி வாங்கியிருக்கிறார். அதையும் பாதி நாற்றுக்கு இட்டு, பாதி நாற்றுக்கு இடாமல் விட்டிருக்கிறாராம். "இனிமே யாரு என்னா சொன்னாலும், ரெண்டு நெர போட்டுப் பாத்துட்டுத்தான் நம்புவேன்" என்றார்.

அவர் முதலில் கேட்ட கேள்விக்கு அவரே பதிலைக் கண்டுபிடித்துவிட்டார். நுண்ணுயிர் மெய்தான். ஒரே போத்தல் எல்லாப் பயிருக்கும் எல்லா உரத்துக்கும் மாற்று என்ற பேச்சுதான் பொய். அந்தப் பேச்சை நம்பியதில் ஒரு பருவத்து மிளகாயும் கீரையும் போயின. குத்தகை நிலத்தில் உழைக்கும் ஒரு குடும்பத்துக்கு அது சின்ன இழப்பல்ல.

உங்கள் வீட்டுக் கொல்லையில் பயற்றங்காயோ சிறகவரையோ இருந்தால், இந்த வார இறுதியில் ஒரு செடியை மெல்லத் தோண்டிப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிச்சைக் கிள்ளிக் காட்டுங்கள். உள்ளே சிவந்திருந்தால், உங்கள் மண்ணில் உறைமோர் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள்.